மீன்களுக்கு மட்டும்

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

பொடிசு எழுதுவது. இவர், அத்தை, நான் மூவரும் சுகம். உன் தலைசுற்றல் குறைந்ததா, டாக்டர் சொன்னபடி அத்தான் காலையில் நடக்கப் போகிறாரா என்று எழுது.

குவார்ட்டர்ஸ் வீடு பரவாயில்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை. எந்த ஜன்னலைத் திறந்தாலும் குளம். மீன்குஞ்சுப் பண்ணை என்றதும் கண்ணாடித் தொட்டியும் வண்ணமீனுமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இங்கே இருப்பது சேறும், சிமெண்டுத் தொட்டியும், தகரக் கொட்டகையும். எதைத் தொட்டாலும் கை வழவழக்கிறது. போன் இவருடைய ஆபீஸ் மேஜையில் மட்டும்தான். கடிதமும் ஆபீஸ் பையில்தான் போகிறது. நான் எழுதியதை இவர் ஒருமுறை பார்த்து, பிழையிருந்தால் திருத்தி, ஒட்டி அனுப்புவார். உன் கடிதமும் அங்கேதான் பிரிக்கப்படும். ஆகையால் பண்ணை அதிகாரியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுது.

உதவியாளர் விடுப்பில் போனதால் நானும் கொட்டகையில் வேலை பார்க்கிறேன். சந்தையிலிருந்து கூடை கூடையாக வெட்டிய மீன்தலை வருகிறது. இளநீர் சீவுகிற மாதிரி உச்சியைச் சீவி, மூளையை வழித்து எடுத்தால், அடியில் கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக வெள்ளையாய் ஒரு சுரப்பி இருக்கிறது. அதை நசுக்காமல் எடுத்து ஸ்பிரிட்டில் போட வேண்டும். பிறகு அரைத்து, கரைத்து, உயிருள்ள மீனுக்கு ஊசியாகப் போடுவார்களாம். இவை ஆற்றில் வெள்ளம் வந்தால்தான் முட்டையிடுகிற ஜாதி. குளத்தில் வயிறு நிறைய வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். ஊசி போட்டால், வெள்ளம் வந்துவிட்டது என்று உடம்பு நம்பிவிடுமாம். தலையை எடுக்கும்போது அதன் கண் என்னையே பார்க்கிறது. நகத்துக்குள் போன நாற்றம் எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை. சோற்றை ஸ்பூனில் சாப்பிடுகிறேன்.

மூன்றாவது தடவை ஊசி போட்டும் கரு நிற்கவில்லை என்று உனக்குத் தெரியும். நாலாவதற்கு அத்தை தேதி பார்க்கிறார். டாக்டரும் சரி என்கிறார். இவரும் சரி என்கிறார்.

உன் அன்புத் தங்கை,
பொடிசு


மே 27

என் செல்லப் பொடிசுக்கு,

அக்கா எழுதுகிறேன். தலைசுற்றல் தேவலை. அத்தான் வாசல்வரை நடந்துவிட்டு வந்து ஊரையே சுற்றியதுபோல் மூச்சு வாங்குகிறார். உன் மாமியாரின் முழங்கால் எப்படி?

உன் கடிதத்தை மத்தியானம் இலைமுன் உட்கார்ந்து பிரித்தது என் புத்தி கெட்ட வேலை. மூளையை வழித்து என்று வந்த இடத்தில் இலையைத் தள்ளிவிட்டேன். இனி சாப்பிட்டு முடித்து, கை கழுவி, அதற்கப்புறம்தான் உன் கடிதம். சீ, என்ன வேலையடி அது. மாப்பிள்ளை படித்தவர், அவருக்கு அது தொழில். நீ ஏன் அதில் கையை விடுகிறாய்? குழந்தைக்காகத் தவம் கிடக்கிற உடம்பு, அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டாமா?

நாலாவது தடவைக்கு நீ யோசிக்கவே கூடாது. வியாழக்கிழமை விரதத்தை உனக்காக இரண்டு வேளையாக்கி இருக்கிறேன். ஆண்டவன் கண் திறக்கிற நேரத்தில் நாம் கதவைச் சாத்திவிடக் கூடாது. ஊசிக்குப் பயப்படாதே. எறும்பு கடித்த மாதிரிதான்.

இங்கே சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளிச்சத்தில் அதன் வயிற்றுக்குள் இரண்டு முட்டை, இரண்டு கற்கண்டு போட்டு வைத்தது போல அப்படியே தெரிகிறது. பார்த்ததும் உடம்பெல்லாம் கூசிவிட்டது. துடைப்பத்தை எடுத்தேன், வைத்துவிட்டேன். பிள்ளைத்தாய்ச்சி என்று கை வரவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அவர் வாசிப்பார் என்பதால் நேராகவே சொல்கிறேன்: என் தங்கையை மீன் நாற்றத்திலிருந்து காப்பாற்றுங்கள்.

என்றும் உனக்காக வேண்டிக்கொள்ளும்,
அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் மழை வந்தால் அதிகம், வெயில் வந்தால் அதைவிட அதிகம்.

உன் பல்லியைப் பற்றி வாசித்துவிட்டு இவர் சிரித்தார். பல்லிக்கும் பாம்புக்கும் கழிவு, முட்டை எல்லாவற்றுக்கும் ஒரே வாசல்தானாம். ஆணுக்கு மட்டும் அந்தச் சமாச்சாரம் ஒன்றுக்கு இரண்டாக ஆண்டவன் வைத்திருக்கிறானாம். எதற்கு இரண்டு என்று கேட்டேன். "எந்தப் பக்கம் அமையுதோ அந்தப் பக்கம்" என்றார். பெண் லேசுப்பட்டது இல்லை. ஒருமுறை சேர்ந்ததை மாதக்கணக்கில் உள்ளேயே பத்திரமாக வைத்திருந்து, தனக்கு வசதிப்படுகிற நேரத்தில் முட்டை இடுமாம். கொடுத்து வைத்த ஜென்மம்.

இங்கே அப்படி இல்லை. முதல் மழை விழுந்ததும் வேலை தொடங்கிவிட்டது. வலையில் பிடித்து, புரட்டி, வயிறு மெத்தென்று இருக்கிறதா, வாசல் சிவந்து வீங்கி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்கள். ஆணின் பக்கச் செட்டை, அதாவது துடுப்பு, உப்புத்தாள் போல் சொரசொரப்பாக இருக்கும், வயிற்றை அழுத்தினால் பால் வரும். பெண்ணுக்கு இரண்டு ஊசி, ஆணுக்கு ஒன்று. ஈரத்துணியால் கண்ணை மூடினால் மீன் அடங்கிவிடுகிறது. நேரம் வந்ததும் பெண்ணை நன்றாகத் துடைத்து, தலை மேலாக அக்குளில் இடுக்கிக்கொண்டு, வயிற்றை மேலிருந்து கீழாக வழிக்கிறார். முட்டை ரவைக்கஞ்சி மாதிரி பேசினில் கொட்டுகிறது. அதன்மேல் ஆணின் பாலைப் பீய்ச்சி, கோழி இறகால் கலக்குவது என் வேலை. கொழகொழவென்று அது இறகில் ஏறும்போது எனக்குத் தொண்டைவரை வருகிறது. ஒவ்வொரு தடவையும் இவர் முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்கும் ஊசி தொடங்கிவிட்டது. தினமும் டவுனுக்குப் போய் வருவது அலைச்சல் என்று இவரே வீட்டில் போட்டுவிடுகிறார். டாக்டர் சம்மதித்துவிட்டார். இவருக்குக் கை பழக்கம்தானே. வலிக்கவே இல்லை.

உன் அன்புள்ள,
பொடிசு


ஜூலை 2

பொடிசுக்கு அக்காவின் ஆசிகள்.

இங்கு எல்லோரும் நலம். இந்தத் தடவை உன் கடிதத்தைச் சாப்பிட்ட பிறகுதான் வாசித்தேன். சாப்பிட்டதும் நிற்கவில்லை.

பூஜை அறையில் மாலை ஆறு மணிக்கு உட்கார்கிறவளுக்கு எழுதுகிற விஷயமா அது? ஒன்றுக்கு இரண்டாம். அத்தான் கையில் கிடைத்துவிடாமல் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்தேன். அதற்குள் அவர் வாசித்துவிட்டு, "ஆண்டவன் ஓரவஞ்சனைக்காரன்" என்று இரண்டு நாளாக முணுமுணுக்கிறார். இப்போது பல்லியைப் பார்த்தால் எனக்கு அந்த நினைப்புத்தான் வருகிறது. ஜன்னலில் துணி போட்டு மறைத்துவிட்டேன்.

ரவைக்கஞ்சி என்று எழுதினாயே, இந்த வீட்டில் இனி ரவை வாங்குவதாக இல்லை.

ஆனால் ஒன்று. புருஷன் தன் கையால் ஊசி போட்டுவிடுகிறார் என்றால் அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? என் புருஷனிடம் தைலம் தேய்க்கச் சொன்னால் பாட்டிலைத் தூக்கி என் கையில் கொடுப்பார். மாப்பிள்ளை தங்கம். முகத்தைச் சுளிக்காமல் போட்டுக்கொள். நீ சின்னதிலேயே அருவருப்புக்காரி. பாலாடை இருந்தால் டம்ளரையே தொடமாட்டாய். பெரியவளாகிவிட்டாய், மாற்றிக்கொள்.

கடைசி ஊசி என்றைக்கு என்று எழுது, அன்று முழு விரதம் இருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 22

அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமா?

போன வாரம் பெரிய தாய்மீன் ஒன்று செத்துவிட்டது. மூன்று வருடமாக இவர் வளர்த்தது. ஊசி போட்டும் முட்டை விடவில்லை. இன்னும் பழுக்கவில்லை, விட்டுவிடலாம் என்று தொட்டிக்காரர் சொன்னார். வாங்குகிறவர்கள் லாரியோடு வந்து நின்றதால் இவர் அழுத்திப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார். முட்டை கட்டி கட்டியாக ரத்தத்தோடு வந்தது. தண்ணீரில் விட்டதும் மல்லாந்தது. இவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை.

அன்று மாலையே எனக்கும் கடைசி ஊசி. கை கழுவிவிட்டுத்தான் போட்டார். குறித்த நாளில் டாக்டரிடமும் போய் வந்தாயிற்று.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. சோறு வேகிற வாசனைக்கே குமட்டுகிறது. காலையில் பல் தேய்க்கும்போது வாந்தி. ஈரத்துண்டைப் பார்த்தால் வாந்தி. கொட்டகைக்குப் போகவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

பொடிசு


ஜூலை 31

என் கண்ணே பொடிசு,

எனக்குப் புரிந்துவிட்டது. நீ வெட்கப்பட்டு மூடி மறைத்து எழுதினாலும் அக்காவுக்குத் தெரியாதா? சோற்று வாசனைக்குக் குமட்டல், காலையில் வாந்தி, "வேறு விசேஷம் இல்லை" என்று ஒரு வாக்கியம். இதைவிட என்னடி விசேஷம் வேண்டும்?

கடிதத்தை வாசித்த கையோடு மருந்துக்கடைக்கு ஓடி, அங்கிருந்து உன் மாமியாருக்குப் போன் போட்டேன். அவர் ஆபீசுக்கு வந்து பேசுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "வாந்தி எடுக்கிறாள், மீன் நாத்தம்னு நினைச்சேன்" என்றார். "மீனும் இல்ல, கருவாடும் இல்ல. உங்க பேரப்பிள்ளை" என்றேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். உன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை, கூச்சப்படுவாய் என்று.

விரதத்தை முடித்துவிட்டேன். மாடிவீட்டு டீச்சருக்கும் பால்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. அத்தான் நாளை சொல்லலாம் என்றார். நல்ல செய்தியை வைத்திருந்தால் புளித்துவிடும் என்றேன்.

ஜன்னல் துணியை எடுத்துவிட்டேன். பல்லி அலமாரிக்குப் பின்னால் முட்டையிட்டுப் போயிருக்கிறது. போகட்டும், அதுவும் தாய்தானே.

கனமாக எதையும் தூக்காதே. உடனே பதில் போடு.

ஆனந்தத்தோடு,
அக்கா


ஆகஸ்ட் 23

பொடிசு,

சுகமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. ஆபீசுக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளை எடுத்து, "படுத்திருக்கா, அப்புறம் பேசச் சொல்றேன்" என்றார். குரலில் ஒட்டுதலே இல்லை. உன் மாமியார் போனுக்கு வரவில்லை. அத்தான் என்னைத் திட்டுகிறார், எதற்கென்று சொல்லாமல் திட்டுகிறார்.

இரண்டு வரி எழுது. ஒரு வரி போதும். உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

அக்கா


செப்டம்பர் 3

அக்கா,

குஞ்சு ஏற்றிப் போகிற லாரியின் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வழியில் எங்கேயாவது தபாலில் போடுவார். இவர் வாசிக்காத முதல் கடிதம். அதனால் பிழை இருக்கும்.

நான் உண்டாகவே இல்லை. நீ போன் போட்டபோது எனக்கே தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அத்தை என்னைக் கட்டிலில் படுக்க வைத்தார். யாரும் ஊசியை எடுக்கவில்லை. அதற்காகவே வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். அடுத்த வாரம் மாதத் தூரம் வந்துவிட்டது. அத்தை அதைக் கலைந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொண்டார். நான் குனிந்து துணி துவைத்ததுதான் காரணமாம். இல்லாத பிள்ளைக்கு இந்த வீட்டில் துக்கம் நடக்கிறது, அக்கா. பண்ணை ஆட்கள்கூட என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

இன்னொன்று. இதை எழுதக் கை கூசுகிறது. போன வாரம் எங்கள் பிரிட்ஜைத் துடைத்தேன். கோடியில் டாக்டர் கொடுத்த கடைசி ஊசி மருந்து, பெட்டி பிரிக்காமல் அப்படியே இருந்தது. அப்படியானால் எனக்குப் போட்டது எது? சுரப்பி போதாத நாளில் மீனுக்குப் போட இவர் கடையில் வாங்குகிற மருந்தின் காலி சீசாக்கள் கொட்டகைக் குப்பைத்தொட்டியில் கிடந்தன, போய்ப் பார்த்தேன். அதே மருந்துப் பெயர்தான். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘மீன்களுக்கு மட்டும்’ என்று இருந்தது.

இவரிடம் கேட்டேன். மறைக்கவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"அந்த வாரம் ரெண்டு நாள் கரண்ட் இல்ல. வீட்டு பிரிட்ஜ்ல இருந்தது கெட்டிருக்குமோனு பயமா இருந்துச்சு. பண்ணைல ஜெனரேட்டர் இருக்கு, சரக்கும் புதுசு. ரெண்டும் ஒரே மருந்துதான், லேபிள்தான் வேற. உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்."

நான் வாந்தி எடுத்தேன். அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அந்தக் கை எப்படித் தடவும் என்று எனக்குத் தெரியும் அக்கா. மேலிருந்து கீழாக.

எனக்கு மீன்மேல் அருவருப்பு இல்லை. அது பாவம். இந்த உடம்புமேல்தான். ராத்திரி என் வயிற்றில் என் கையே பட்டால் எடுத்துவிடுகிறேன்.

ஐந்தாவதுக்கு அடுத்த மாதம் தேதி குறித்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது. எல்லோரும் அவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்கள். நீயும் விரதம் இருக்கிறாய்.

பதிலை ஆபீசுக்கே போடு. அவர் பிரிக்கட்டும்.

பொடிசு


செப்டம்பர் 10

மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல். உறை மேல் என் தங்கையின் பெயர் இருந்தாலும் இதை உங்களுக்கே எழுதுகிறேன். எப்படியும் நீங்கள்தான் பிரிப்பீர்கள். பிழைகளைத் திருத்த வேண்டாம்.

அவளுக்கு நீங்கள் போட்டது மீன் மருந்து என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து என் கையால் சமைத்ததை என்னாலேயே சாப்பிட முடியவில்லை. மீன்தலை, பல்லி, ரவைக்கஞ்சி என்று எத்தனை சீ சொன்னேன். அந்தக் கடிதங்களை மறுபடி எடுத்து வாசித்தேன். அவள் ஒருமுறைகூட வெறும் மீனைப் பற்றி எழுதவில்லை. எனக்கு அது புரியவில்லை. உங்களுக்குமா புரியவில்லை? வாசித்து ஒட்டியவர் நீங்கள்.

உங்கள் அம்மாவுக்கு நேற்றுப் போன் போட்டு, கரு என்பது என் கற்பனை, எதுவும் கலையவில்லை, அவள் எதையும் கலைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை என்ன சொன்னாரோ அதெல்லாம் எனக்குத் தகும். உங்கள் டாக்டரிடம் எந்த மருந்து போட்டீர்கள் என்று நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். நான் போய்ச் சொன்னால் வேறு மாதிரி இருக்கும்.

எனக்குத் தெரிந்தது சமையலும் சாமியும்தான். அந்தச் சாமியிடம் இத்தனை நாள் அவளிடம் கேட்காமல் அவளுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதை நிறுத்திவிட்டேன்.

வரும் இருபதாம் தேதி நானும் உங்கள் சகலையும் வருகிறோம். அதுவரை அவள்மேல் ஊசி படக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அக்கா


செப்டம்பர் 16

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. அம்மா நலம். நானும் நலம் என்றே எழுத வேண்டும்.

தாங்கள் கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அளவு தெரியாமல் செய்யவில்லை. அவள் எடையைப் பண்ணைத் தராசில் பார்த்து, அதற்குத் தகுந்தபடி கணக்குப் போட்டுத்தான் கொடுத்தேன். டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை வெளியே போகச் சொன்னார். மருந்து ஒன்றுதான் என்று விளக்கியும் அவர் கேட்கவில்லை.

அவள் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். கையை நீட்டு என்றால் நீட்டுவாள். படு என்றால் படுப்பாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அது கூச்சம் என்று நினைத்தேன். பிள்ளை வேண்டும் என்று எனக்கு மட்டுமா ஆசை?

நேற்றுக் காலை குஞ்சு லாரியில் ஏறிப் போனதாகக் காவலாளி சொல்கிறார். தங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாளா? தயவுசெய்து தந்தி கொடுங்கள். அதன்பின் நான் தொட்டிப் பக்கமே போகவில்லை.

தங்கள்,
தம்பி


செப்டம்பர் 21

இவருக்கு,

நீங்கள் என் கணவர். ஆனாலும் உங்களுக்கு எப்படிக் கடிதம் தொடங்குவது என்று இத்தனை வருடத்தில் பழகவில்லை. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். அக்கா தந்தி கொடுத்தது கிடைத்திருக்கும்.

லாரியில் தண்ணீர்ப் பைகளுக்கு நடுவில்தான் இடம் இருந்தது. ஒரு பை மடியிலேயே இருந்தது. வழியெல்லாம் குமட்டிக்கொண்டே வந்தேன். டிரைவர் பாவம், நாலு தடவை நிறுத்தினார்.

இங்கே ஒரு பெண் டாக்டரிடம் அக்கா கூட்டிப்போனாள். எல்லாவற்றையும் நானே சொன்னேன். சீசாவில் எழுதியிருந்ததைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பெரிய கெடுதல் எதுவும் ஆகவில்லை என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "உனக்குக் குழந்தை வேணுமாம்மா?" என்று கேட்டார். அதை யாரும் என்னைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தெரியாது என்றேன். தெரியாதென்றால் தெரியாதுதான், அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுச் சீட்டில் சத்து மாத்திரை எழுதினார்.

இரண்டு வேளை சாப்பிடுகிறேன், கையால். அக்கா எதிரில் உட்கார்ந்து பார்க்கிறாள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொள்கிறாள். அவளுக்கு அது பெரிய தவம்.

நான் வேண்டாம் என்று சொன்னதில்லை, சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று அக்காவுக்கு எழுதியிருந்தீர்கள். உங்கள் மீன்களும் சொன்னதில்லை. செத்துப்போன அன்றும் அது ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக நீங்கள் சாப்பிடாமல் இருந்தீர்கள். நீங்கள் கெட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உங்கள் கையை நினைத்தால் இன்னும் உடம்பு சுருங்குகிறது. அது எப்போது போகும், போகுமா என்று தெரியாது. அதுவரை நீங்கள் இங்கே வர வேண்டாம்.

அடுத்த மாதத் தேதியை ரத்து செய்துவிடுங்கள். பிரிட்ஜில் இருக்கும் பெட்டியை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐந்தாவது எனக்கு வேண்டாம். சொல்லிவிட்டேன்.

அத்தையின் முழங்காலுக்குத் தைலம் மேல் அலமாரியில் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நான்